ஜூன் மூன்று, அக்டோபர் ஒன்பது

“டாக்ஸ் பேப்பர் சரி, டிகிரி சரி, போலீஸ் சர்டிபிகேட் சரி. உங்கம்மா உங்களைப் பெத்ததுதாங்க சரியில்ல” என்றார் மதியழகன்.

சுகுணாவும் தேவிப்பிரியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதியழகன், வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பிவைக்கும் ஏஜென்ட். தருமபுரி நாலு ரோட்டில் மாடியில் ஆபீஸ். வாய் மூடத் தெரியாத மனிதர். எந்த நாட்டில் எவ்வளவு வரி, அங்கே கட்டிய வரிக்கு இங்கே எந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும், வேலை பர்மிட்டை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு மணி நேரமாகப் பேசி, சகோதரிகள் இருவருக்கும் தலை கிறுகிறுக்க வைத்திருந்தார். அதற்கு நடுவில்தான் இருவருக்கும் வேலை கிடைத்திருந்த மாலத்தீவிலிருந்து மெயில் வந்தது.

“ரெண்டு பாஸ்போர்ட்லயும் அம்மா பேரு ஜானகியம்மாள். ஒருத்திக்குப் பொறந்த தேதி ஜூன் மூணு. இன்னொருத்திக்கு அதே வருசம் அக்டோபர் ஒம்பது. நாலு மாச இடைவெளியில ஒரே அம்மாவுக்கு எப்படி ரெண்டு புள்ளைன்னு கேக்கறாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆதாரத்தோட பதில் போகலைன்னா, ரெண்டு பேர் பர்மிட்டும் கேன்சல்.”

“நாங்க ரெட்டைங்க சார்” என்றாள் சுகுணா. “பெங்களூர்ல இருந்து நம்ம இண்டூருக்கு வந்து ஸ்கூல்ல சேர்த்தப்ப, ஹெட்மாஸ்டர் தோணுன தேதியைப் போட்டுட்டாருன்னு எங்கப்பா சொல்லுவாரு.”

“எனக்குத் தெரியாதாங்க? என் ஃபைல்ல இருக்கற பாதிப் பேரு ஜூன் மாசத்துலதான் பொறந்திருக்காங்க. அந்த ஹெட்மாஸ்டர் இருக்காரா? தப்பு என்னுதுதான்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க.”

மூலை நாற்காலியில் ஜானகியம்மாள் மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் போய்ச்சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மகள்கள் இருவருக்கும் ஒரே தீவில் வேலை கிடைத்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு பள்ளிக்கூடமா என்று ஒரே புலம்பல்.

“பர்மிட் வரலைன்னா அம்மாவுக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான்டி” என்று படியில் இறங்கும்போது தேவிப்பிரியா முணுமுணுத்தாள். முட்டி வலிக்கிறது என்று ஜானகியம்மாள் அங்கேயே இருந்துவிட்டார்.

ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஜானகியம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“உங்களுக்குக் கன்னடம் படிக்கத் தெரியுங்களா?”

“பெங்களூர்ல பத்து வருசம் இருந்தவனுங்கம்மா. நல்லாவே தெரியும்.”

மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. அதற்குள் நாலாக மடித்த ஒரு பழைய காகிதம்.

“இதை அவங்களுக்கு அனுப்புங்க. புள்ளைங்க கண்ணுல மட்டும் படக்கூடாது. எங்க வூட்டுக்காரருக்கு அப்பறம் இதைப் பாக்கற ஆளு நீங்கதான்.”

மதியழகன் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அதை ஆங்கிலத்தில் டைப் செய்து, காகிதத்தையும் ஸ்கேன் எடுத்துச் சேர்த்து அனுப்பினார்.

நாலரை மணிக்கு இருவரும் வெயிலில் வாடிப்போய்த் திரும்பினார்கள்.

“ஹெட்மாஸ்டர் பச்சியப்பன் சார் திட்டி அனுப்பிட்டாருங்க. ரெண்டு தேதியும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்துத்தான் எழுதினேன், பொய் லெட்டரெல்லாம் தரமாட்டேங்கறாரு” என்றாள் சுகுணா. “வயசாயிடுச்சில்ல, மறந்துட்டாரு போல. சார், என் பேரை எடுத்துட்டு இவளை மட்டும் அனுப்பிடுங்க.”

“ஏன், என் பேரை எடுக்கட்டுமே. போனா ரெண்டு பேரும் போறோம், இல்லைன்னா ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம்” என்றாள் தேவிப்பிரியா.

ஜானகியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. மதியழகன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் முழுக்கப் பல்.

“ரெண்டும் ஓகேங்க. பர்மிட் வந்துடுச்சு.”

மாடி அதிர்ந்தது. சுகுணா நாற்காலியைத் தள்ளிவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தேவிப்பிரியா இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “எப்படி சார்?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“இங்கிலீஷ்ல நாலே வரி எழுதினேன். அந்த ஊரு ஆபீசர் மறுபேச்சே பேசலை” என்றார் மதியழகன், ஜானகியம்மாள் பக்கம் பார்க்காமல்.

“இப்பவாவது சிரிம்மா” என்றாள் தேவிப்பிரியா. ஜானகியம்மாள் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. மகள்கள் ஜிலேபி வாங்கக் கீழே ஓடினார்கள்.

மதியழகன் காகிதத்தை மடித்து நீட்டினார். பதிவு அலுவலக முத்திரை குத்திய, இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய தத்துப் பத்திரம் அது.

“இதைக் காட்டாம இருந்திருந்தா, ரெண்டு பேரும் உங்க கூடவே இருந்திருப்பாங்களேம்மா.”

“ஆசைப்பட்டுப் படிச்சதுங்க. போயிட்டு வரட்டும்.”

மதியழகனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் என்னைக்காவது சொல்லிடுவீங்களா?”

ஜானகியம்மாள் பத்திரத்தைப் பைக்குள் வைத்தார். பிறகு, நிஜமாகவே புரியாதவராக அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

“எந்தப் பொண்ணுகிட்டங்க?”