ஈஸ்டர் சேலைக்கு இஸ்திரி

வண்டிப்பெரியார் எஸ்டேட் லயத்து வீட்டில் ஞானஜோதி தன் ஈஸ்டர் சேலைக்கு இஸ்திரி போடுகிறாள். நாளை, குடும்பத்தோடு முதன்முறையாகத் தண்ணீர் விளையாட்டுள்ள தீம் பார்க், ஒரே பகல்தான். கதவோரம் போனும் கையுமாக நிற்கும் மகள் டின்சி, பார்க்கின் விதிகளைப் படித்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறாள். அம்மாவின் முகத்தில் அத்தனை வெளிச்சம். வாசலில் செருப்பைத் துடைக்கும் அப்பா குரல் கொடுக்கிறார்: "நல்ல சேலையா கட்டிக்க ஜோதி. சபைக்காரங்களும் வர்றாக, மானம் போயிரக் கூடாது." டின்சி சட்டென்று சொல்லிவிடுகிறாள்: "யம்மா, சேலையோட தண்ணியில எறங்க விடமாட்டாங்களாம்." இஸ்திரிப்பெட்டி நிற்கிறது. சூடான துணி வாசம் எழுகிறது. ஞானஜோதி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறாள். தலையணை உறைக்குள் கைவிட்டு, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத ஊதா நைலான் பேண்டை உருவுகிறாள். "போறவரைக்கும் சேலை. அங்க போயி இது. அப்பாட்ட மூச்சு விட்றாத."