மலைக்கு ட்யூனிங்

இந்தக் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

"பழைய கார்புரேட்டர் வண்டின்னா ஸ்க்ரூவைத் திருப்பி மலைக்கு செட் பண்ணலாமுங்க. இது எஃப்ஐ வண்டி. சென்சார் இருக்குது. மேல போகப் போக காத்து குறையறது அதுக்கே தெரியும். அதுவே பெட்ரோலைக் குறைச்சுக்கும். நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல."

காலையிலிருந்து எல்லாக் கடையிலும் இதே பேச்சு. அதையும் ஏதோ நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொல்கிறார்கள். அவருக்கு எரிச்சலாக வந்தது.

பைக்கைத் தள்ளி ரோட்டுக்குக் கொண்டுவந்தார். மொபெட் ஓட்டிப் பழகிய கைக்கு அது யானைக் கனம்.

வெள்ளிக்கிழமை சின்னவன் மௌலி இதில் லடாக் கிளம்புகிறான். அதுவரை அவனுக்கு லீவு இல்லை. "நல்ல கடையாப் பாத்து மலைக்கு ட்யூன் பண்ணி வெச்சிருங்கப்பா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

போன வருஷம் பெரியவன் பூபேஷ் போனதும் இதே வண்டியில்தான்.

பதினேழாயிரம் அடிக்கு மேலே ஒரு கூடாரத்தில், நுரையீரலில் நீர் கோத்து, விடிவதற்குள் செத்துப்போனான்.

அவன் விமானத்தில் வந்தான். வண்டி சாக்கு சுற்றி ரயிலில் வந்தது. பிரித்து, பட்டனை அமுக்கியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மேலே காற்று இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. சுதாரித்துக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து அந்த வண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. விற்றுத் தொலைக்கலாம் என்றால் மனைவி விடவில்லை. தினமும் துடைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்தாள். இப்போது சின்னவன், அண்ணன் பாதியில் விட்டதை முடிக்க வேண்டும் என்கிறான். சொல்லிப் பார்த்தார்கள். திட்டிப் பார்த்தார்கள். அவள் சாப்பிடாமல்கூடக் கிடந்தாள். அவன் டிக்கெட் போட்டு வண்டியை டெல்லிக்கு அனுப்ப ஏற்பாடும் செய்துவிட்டான்.

உக்கடத்தில் ஒருவன் லேப்டாப்பை வைத்து வண்டியின் மூளையையே மாற்றுவான் என்றார்கள்.

போனார். அன்வர் என்று பெயர். முப்பது வயது இருக்கும். அவனும் ஆரம்பித்தான்.

"எஃப்ஐ வண்டிக்கு ட்யூனிங் தேவையில்லீங்க அய்யா, அது தானாவே…"

"தெரியுந் தம்பி. எனக்கு ஏறுற மாதிரி வேண்டாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏறாத மாதிரி பண்ணிக் குடுங்க."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெரியவனை, கூடாரத்தை, வெள்ளிக்கிழமையை. கடையில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்வர் அதை நிறுத்தினான்.

"பண்ணலாமுங்க" என்றான். "உயரம் போகப் போக பெட்ரோலைக் கூட்டிக் குடுக்கிற மாதிரி மாத்தணும். மூச்சடைச்சு நின்னுரும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் தலையாட்டினார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக யாரும் அவருக்கு இவ்வளவு நல்ல சொல் சொல்லவில்லை.

அன்வர் ஒயரை எடுத்து வண்டியில் சொருகினான். லேப்டாப்பில் எண்கள் வந்தன. விரல் அதன்மேல் நின்றது.

"வண்டி எங்க நிக்கணுங்க அய்யா?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை.

வாசலிலேயே நின்றால், மௌலி வேறு கடைக்குத் தள்ளிக்கொண்டு போவான். மலையடிவாரத்தில் நின்றால் அங்கே கடைக்கா பஞ்சம். மணாலியில் நின்றால் அங்கேயும் இருக்கும்.

அதற்கும் மேலே நின்றால்?

பனியில் நிற்கும். ஆளில்லாத இடத்தில் நிற்கும். மௌலி இறங்கித் தள்ளுவான். அவன் பிடிவாதக்காரன். அண்ணன் வண்டி வேறு. காற்றில்லாத இடத்தில், இருநூறு கிலோ வண்டியை, மூச்சு வாங்க வாங்கத் தள்ளுவான்.

பாதை முழுவதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். வாசலில் இருந்து அந்தக் கூடாரம் வரைக்கும். மறுபடி வாசலில் இருந்து.

இங்கே நிற்கட்டும் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"வேண்டாந் தம்பி" என்றார். "ஏறட்டும்."

டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, கைக்குட்டைகூட எடுக்காமல் அழுதார். அன்வர் ஒயரைப் பிடுங்கினான். லேப்டாப்பை மூடினான். வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து முன் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தான். கட்டை தேய்ந்திருந்தது. புதிது போட்டான். பின்பக்கமும் போட்டான். செயினை இறுக்கினான்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் மௌலி பையை விரித்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கடை கிடைச்சுதாப்பா?"

"ம்."

"ஏறுமாமா?"

"வண்டி ஏறும்."

சாவியை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். அவர் அவன் கையை விடவில்லை.

"கண்ணு, உனக்கு முடியலைன்னா வண்டியை அங்கயே விட்டுப்போட்டு இறங்கிரு."

"அண்ணன் வண்டியையாப்பா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் ஈரக்கையோடு நிலைப்படிக்கு வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தாள்.

"பள்ளத்துல தள்ளிவிட்டுட்டு வா, சாமி."

மௌலி சாவியைப் பார்த்தபடி நின்றான்.

அவன் சரி என்று சொல்ல இருவரும் காத்திருந்தார்கள்.