அளவெடுத்துச் செய்த படகு

ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி ஊர் தேவாலயத்திலும் மீதிப் பாதி தூக்கத்திலும் இருந்த நேரத்தில், மொகென்ஸின் ஓட்டலில் தொங்கிய திமிங்கலக் கொம்பு காணாமல் போனது.

நார்வால் என்கிற கொம்புத் திமிங்கலத்தின், முறுக்கு விழுந்த வெள்ளைக் கொம்பு. இரண்டு மீட்டர் நீளம். அது யாருடையது என்று கிரீன்லாந்தின் அந்தச் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும். மீனவன் தாதராக்கின் அண்ணன், கயாக் என்கிற ஒற்றையாள் தோல் படகில் போய் ஈட்டி எறிந்து பிடித்த கடைசித் திமிங்கலத்தின் கொம்பு. மறு வருடம் கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. "விருந்தாளிங்க பார்க்கட்டும், ஒரு கோடைக்கு மட்டும்" என்று தாதராக்கிடம் கேட்டு வாங்கிப்போன மொகென்ஸ், ஆறு கோடை கழிந்தும் அதைத் திருப்பித் தரவில்லை. கப்பலில் வரப்போகும் யாருக்கோ அதை விற்கிறார் என்று போன வாரம் பேச்சு அடிபட்டது.

"தாதராக்தான். வேற யாரு? பிடிச்சு உள்ள போடுங்க" என்றார் மொகென்ஸ்.

ஊரின் ஒரே போலீஸ்காரன் ஈனோக் அவசரப்படவில்லை. தலைநகர் நூக்கிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம். இதுதான் முதல் வழக்கு. மூடுபனிக்குள் ஒரு கயாக் ஓட்டல் துறையிலிருந்து சத்தமில்லாமல் விலகிப் போனதை மீன் ஆலைக் காவலாளி பார்த்திருந்தான். முகம் தெரியவில்லை. மத்தியானமே அந்தக் கயாக் முனைக்குப் பின்னால் பாறை இடுக்கில் கிடைத்துவிட்டது. புதுப் படகு. சீல் விலங்கின் தோல் போர்த்தியது. யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஈனோக்குக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"கயாக்குங்கிறது கடையில வாங்குற சட்டையா? ஓட்டுறவன் இடுப்பு, தொடை, கால் நீளம் எல்லாம் அளவெடுத்துச் செய்யுறது. இது யாருக்குக் கச்சிதமா பொருந்துதோ, அவன்தான் திருடன். படகு பொய் சொல்லாது."

திங்கட்கிழமை கயாக் ஓட்டத் தெரிந்த பதினேழு ஆண்களும் கூழாங்கல் கரையில் வரிசையில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க மீதி ஊரும் காபி பிளாஸ்க்கும் கருவாடுமாக வந்து பாறைகளில் உட்கார்ந்துகொண்டது.

முதல் ஆள் தாதராக். பீப்பாய் மாதிரி உடம்பு. கால் உள்ளே போயிற்று. தொடையும் ஒருவழியாகப் போயிற்று. இடுப்பு படகின் வாயிலேயே நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் இறங்குங்கண்ணே" என்று ஈனோக் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"தம்பி, இதுக்கு மேல அழுத்துனா ஒண்ணு படகு கிழியும், இல்ல நான் கிழிவேன்."

மொகென்ஸின் முகம் சுருங்கியது. "நடிக்கிறான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க."

தாதராக் மூச்சை இழுத்துப் பிடித்தான். இடுப்பு அசையவில்லை.

அடுத்தவன் உள்ளே போய்த் தாராளமாகப் புரண்டான். நெட்டையன் ஒருவனுக்கு முழங்கால் வெளியே நின்றது. ஒருவன் கடலில் இறக்கிப் பார்க்கிறேன் என்று போய், இரண்டு துடுப்பு போடுவதற்குள் கவிழ்ந்து, குளிரில் பல் கிடுகிடுக்க நீந்தி வந்தான். பதினேழு பேரும் முடிந்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை.

"தம்பி, நீ ஒருத்தன்தான் பாக்கி" என்றது பாறை மேலிருந்து ஒரு குரல். தாதராக்கின் மனைவி இவாலு.

எல்லோரும் சிரித்தார்கள். ஈனோக்கும் சிரித்தான். மறுத்தால் நன்றாக இருக்காது என்று பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

காலுறைக்குள் கால் போவதுபோலப் போனான். இடுப்பு இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. தொடை மேல்கட்டையில் பதிந்தது. குதிகால் சட்டத்தில் சரியாக முட்டியது. நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை.

சிரிப்பு அடங்கியது. ஈனோக் எழப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துப் பிடுங்கி எடுத்தார்கள்.

"படகு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மொகென்ஸ் மெதுவாக.

ஈனோக் பூட்ஸ் கயிற்றை வெகு நேரம் கட்டினான். பிறகு அலுவலகம் போய், 'கண்டெடுத்த படகு யாருடையது என்று தெரியவில்லை. போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதி வழக்கை மூடினான்.

நண்பர்களோடு பேசிச் சிரித்துவிட்டுத் தாதராக் வீடு திரும்பியபோது கட்டில் மேல் கொம்பு கிடந்தது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அடிப்பக்கத்தில் அண்ணன் கத்தியால் கீறிய பெயர் அப்படியே இருந்தது. அதை விரலால் தடவினான்.

"யாரு கொண்டுவந்தது?"

"குளிர்காலம் பூரா அக்கா வீட்டுக்குப் போனேனே, சும்மாவா போனேன்?" இவாலு சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "அவ கட்டையை இழைச்சா, நான் தோலைத் தைச்சேன். பனி விட்டதும் ஓட்டக் கத்துக்கிட்டேன். எத்தனை தடவை கவிழ்ந்தேன்னு கேக்காத."

தாதராக் அவளை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம்தான் அவனுக்குப் பயம் வந்தது.

"அடிப்பாவி. அவனை நீயேதானே உக்காரச் சொன்ன? அவனுக்கும் பொருந்தாம இருந்திருந்தா, அடுத்தது பொம்பளைங்களைக் கூப்பிட்டிருப்பானே."

இவாலு கரண்டியைத் தட்டிவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.

"பொருந்தாம எப்படிப் போகும்? போன மாசம் அவன் யூனிபார்ம் பேன்ட்டை இடுப்புல பிடிச்சுக் கொடுத்ததே நான்தானே. அச்சு அசலா என் அளவு."