வாத்துக் கவர்

"முன்னாடி ஷாக் அப்சார்பருக்குக் கவர் எதுக்கு சார்? ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். கழட்டிடறேன்" என்றார் மெக்கானிக்.

மாப்பிள்ளை அவசரமாகக் கவரைக் கையால் மறைத்தார். "வேண்டாம்ணே, தூசி உள்ளே போயிடும். இருந்துட்டுப் போகட்டும்."

பைக்கில் கூட வந்த மாமியார் குறுக்கிட்டார். "தெரிஞ்சவர் சொல்றாரு, கழட்டட்டும் மாப்பிள்ளை."

மெக்கானிக் இரண்டு கவரையும் உருவிச் சேற்றை உதறினார். நீலக் கம்பளியில் வெள்ளை வாத்துகள் வரிசையாக நடந்தன. போன வருஷம் மாமியார் தம் கையாலேயே மாப்பிள்ளைக்குப் பின்னித் தந்த ஸ்வெட்டரின் இரண்டு கைகள்!

மாப்பிள்ளை தரை பிளக்காதா என்று பார்த்தார். அது பிளக்கவில்லை.

மாமியார் ஒரு கையை வாங்கி, ஷாக் அப்சார்பரில் மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! கை ரொம்ப ஒல்லியாப் போச்சேன்னு ஒரு வருஷமா மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இதுக்குக் கச்சிதமா இருக்கே!"

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாமியார் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "பின்னாடி ரெண்டுக்கும் அளவு எடுங்க தம்பி."