இணைப்பு: ஆறு பெயர்கள்

ஸ்டேஷனில் ஏட்டு அவள் பக்கம் திருப்பி வைத்த தாளில் அவளுடைய கையெழுத்தே இருந்தது.

இடது ஓரத்தில் அனுப்புநர். பெயர், கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு. பள்ளிக்கூடத்தில் பழகிய முறை. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

ஓர் இணையதளத்தில் அவளுக்கு வேறு பெயர். சாயப்பட்டறைக் கழிவு ஊர்க் கிணறுகளில் இறங்கியதை அந்தப் பெயரில்தான் எழுதிவந்தாள். பட்டறை ஆட்கள் அதன் கீழே அவளைப் பற்றி அசிங்கம் அசிங்கமாக எழுதினார்கள். அதை நீக்கச் சொல்லித் தளத்துக்கு அனுப்பிய கடிதம் இது. சட்டப் பிரிவைக்கூடக் குறிப்பிட்டிருந்தாள்.

இரண்டே வரியில் பதில் வந்தது.

நாங்கள் இருப்பது வேறு நாடு. உங்கள் நாட்டுச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது.

மனசு விட்டுப்போயிற்று. கூடவே ஒரு தெம்பும் வந்தது. அப்படியானால் தான் நினைத்தபடியே இந்த ஊர்ப் போலீஸும் அங்கே எட்டாது.

இப்போது அவளுடைய கடிதத்தோடு அதே தளத்தின் இன்னொரு கடிதமும் பின் குத்தியிருந்தது. பட்டறை முதலாளியின் புகாரின்பேரில் ஸ்டேஷன் கேட்டதற்கு வந்த பதில்.

உங்கள் நாட்டுச் சட்டத்தை மதித்து, கேட்ட விவரங்களை அனுப்பியுள்ளோம்.

இரண்டு தடவை படித்தாள்.

"எங்களுக்கு வேலையே வைக்கலீங்க டீச்சர்," என்று ஏட்டு சிரித்தார். "கதவு நம்பர் மொதக்கொண்டு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

தாளைப் புரட்டினார்.

இணைப்பு.

ஒருத்தி சொன்னால் எடுபடாது என்று, கிணறு கெட்டுப்போன ஆறு பெண்களிடம் அவள்தான் கையெழுத்து வாங்கியிருந்தாள். வரிசை எண் போட்டு. பெயர், வேலை, முகவரி.

மூன்றாவது, பூங்கோதை. சத்துணவு அமைப்பாளர். வேலைக்கு ஏதும் வந்துவிடுமா அக்கா என்று பேனாவைப் பிடித்தபடியே நின்றவள்.

"வெளிநாட்டுக்காரங்கிட்டப் போற காயிதம் நம்மூரு ஸ்டேஷனுக்கு எப்படிக் கண்ணு வரும்?"

அப்படிச் சொல்லித்தான் போட வைத்தாள்.

"நீங்க போலாங்க. அடுத்த ஆளைக் கூப்பிடணும்."

வெளியே வந்தாள். சுவரோரப் பெஞ்சில் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். சேலை ஓரத்தில் மஞ்சள் கறை.

பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் இருந்தது.

அவள் அருகே போனாள்.

பூங்கோதை மடியிலிருந்த பையை எடுத்து, அந்த இடத்தில் வைத்தாள்.