நெற்றியில் ஏறிய கண்ணாடி

எதிர்க்கடை வாசலில் வரிசை நடைபாதைவரை நீள்கிறது. அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்க அதையே தேடிய வீடியோவை நாலே நாளில் பத்து லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரருக்கு வயிறு எரிகிறது. "இருபது வருஷமா நானும் இப்படித்தான் தேடுறேன். ஒரு நாளாவது படம் பிடிச்சியா?" என்கிறார் மனைவியிடம். "அப்பல்லாம் நானும் கூடச் சேர்ந்து தேடிட்டு இருந்தேன்" என்கிறாள் அவள், அவரையும் அதேபோல் படம் பிடிக்கப் போனை நிமிர்த்தியபடி. அவர் ஏழாவது முறையாகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இழுப்பறையைத் திறந்து, ஆளில்லாத கடையில் திருதிருவென்று விழிக்கிறார். சாயங்கால வெயில் நெற்றிக் கண்ணாடியில் பட்டு, சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு அவரோடு சேர்ந்து அலைகிறது. "தேடுற மாதிரி இல்லைங்க, திருட வந்த மாதிரி இருக்கு" என்கிறாள் மனைவி. அதற்குள் கதவு திறக்கிறது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். "எதிர்க்கடையில ஒரே கூட்டம். அந்தக் கடைக்காரர்தான் இங்க அனுப்பினார். உங்களை மாதிரி பொறுமையாப் பார்க்க ஆளே இல்லையாமே?" அவர் கண்ணாடியை இறக்கி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைக்கிறார். "உட்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, மனைவியின் காதோரம் முணுமுணுக்கிறார்: "பாரு, நல்லவனாவும் இருந்து தொலைக்கிறான்."