எட்டாம் ஸ்தலம்

"இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையன்று கோயிலுக்குள் யாரும் ஒப்பாரி வைக்கக்கூடாது."

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் ஞானாதிக்கம் சாமியார் இப்படிச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் குருத்தோலை சலசலப்பது சட்டென்று நின்றது.

ஆவூருக்கு அங்கிட்டு இருக்கிற சின்ன ஊர் அது. மகாராஜா ஆட்சி போனது, வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள், கடைசியாகப் போன வருஷம் வெள்ளைக்காரச் சாமியாரும் கப்பலேறினார். இனி நம்மாள் ஒருத்தர் சாமியாராக வருவார், நம்ம பேச்சில் பேசுவார் என்று சனங்கள் தவம் கிடந்தார்கள்.

வந்தவர் பொன்னமராவதிப் பக்கத்துப் பிள்ளைதான். ஆனால் ரோமாபுரியில் படித்தவர். காலில் பூட்ஸ், வாயில் பிரசங்கத் தமிழ், தொட்டதற்கெல்லாம் ரோமாபுரி.

சூசைமேரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவள் மகன் அடைக்கலம் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவன். சண்டைக் காலத்தில் அங்கேயே செத்துவிட்டான் என்று கூடப் போனவன் வந்து சொன்னான். உடம்பு வராத வீட்டில் எதைச் சுற்றி உட்கார்ந்து அழுவது?

பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆண்டவர் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கித் தூம்பாவில், அதுதான் ஆண்டவருக்குக் கட்டுகிற பாடை, அதில் கிடத்துவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, மாதா அழுவது போல ஒப்பாரி வைப்பார்கள். சூசைமேரி அதோடு சேர்த்துத் தன் மகனையும் அழுதுகொள்வாள். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற நாளெல்லாம் வாய் பேசாமல் களையெடுத்தாள்.

மறுநாள் காலை சாமியார் பங்களா வாசலில் போய் நின்றாள்.

"சாமி, எனக்கு மட்டுமாவது உத்தரவு குடுங்க."

"அம்மா, ரோமாபுரியில் யாரும் இப்படி மாரில் அடித்துக்கொண்டு அழுவதில்லை. அமைதியாக முழந்தாளிட்டு ஜெபிப்பார்கள். வேதம் வேறு, நாட்டுப்புறப் பழக்கம் வேறு."

"ரோமாபுரிச் சேவகன்தானே சாமி ஆண்டவருக்கு ஆணியடிச்சான்? அவன் எங்க அழுவான். அழுதது பொம்பளைங்க. எட்டாம் ஸ்தலத்துல நீங்கதானே வாசிச்சீங்க."

வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்கிறவள். சிலுவை சுமந்துபோகும் ஆண்டவரைப் பார்த்து எருசலேம் பெண்கள் அழுகிற எட்டாம் ஸ்தலப் படத்துக்குக் கீழேதான் எப்போதும் அவள் இடம்.

"'எனக்காக அழவேண்டாம்' என்று ஆண்டவர் அவர்களிடம் சொன்னதையும் வாசித்தேனே?"

"'ஒங்களுக்காகவும் ஒங்க பிள்ளைகளுக்காகவும் அழுங்க'ன்னும் சொன்னாருல்ல. நான் எம் பிள்ளைக்குத்தான் சாமி அழ வாரேன்."

சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூடாதென்றால் கூடாது. போங்கள்."

வெளியே நின்ற, கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் ஜெபமாலைக்கே மனசு கேட்கவில்லை.

"வெள்ளைக்காரச் சாமி இருந்தப்ப ஒரு மூலையில நின்னு அவரும் கண்ணத் தொடச்சுக்குவாரு. இவருக்குத் தோலுதான் நம்ம தோலு. நெஞ்சு சீமைக் கல்லு. போம்மா, போயி வேலையப் பாரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெரிய வெள்ளி வந்தது. கோயில் மணிகூட அடிக்காத நாள். சாயங்காலம் ஆண்டவரை இறக்கித் தூம்பாவில் கிடத்தினார்கள். பாடகர்கள் லத்தீனில் ஏதோ பாடி முடித்தார்கள். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் கறுப்பு அங்கியோடு, சனங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தடியில் முழந்தாளிட்டிருந்தார்.

சூசைமேரி ஆண்டவர் பாதத்தை முத்தி செய்யக் குனிந்தாள். ஆணித் தழும்பில் உதடு பட்டதும் அவளுக்கு உத்தரவும் மறந்தது, ஊரும் மறந்தது.

"கப்பலேறிப் போன மகன் – நான் பெத்த ராசா
கரை திரும்பக் காணலையே
மண்ணு தள்ளும் வேளையிலே – நான் பெத்த ராசா
மடியிலிட்டு அழலையே..."

உபதேசியார் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். பிடித்திருக்கவே வேண்டாம். அவளுக்கே அடுத்த அடி வரவில்லை.

சாமியார் எழுந்து வந்தார். அன்றைக்கு வெறுங்கால், சத்தமே இல்லை. பெண்கள் ஏச்சு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தூம்பாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடலுக்கு அங்கிட்டு நானிருக்க – என்னப் பெத்த ஆத்தா
கண்ணடைச்சுப் போனியளே
கடைசி முகம் பாக்க நானும் – என்னப் பெத்த ஆத்தா
கரை சேரக் கூடலையே..."

பொன்னமராவதிப் பக்கத்துப் பெண்கள் பாடுகிற மெட்டு. ஓர் இழுப்புக்கூடத் தப்பவில்லை. உபதேசியாரின் கை சூசைமேரியின் தோளிலிருந்து தானாக இறங்கியது.

"நான் ரோமாபுரியில படிக்கையில எங்க ஆத்தா போயிட்டா," என்றார் சாமியார். பிரசங்கத் தமிழ் எங்கே போனதோ. "இதக் கேட்டா எனக்குத் தாங்காதுன்னுதான் வேணாம்னேன்."

சூசைமேரி மூக்கைச் சிந்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களை இடித்து நகர்த்தினாள்.

"தள்ளி உக்காருங்கடி. சாமி வீட்டுச் சாவும் இன்னும் அழாமத்தான் கெடக்கு."